மைலோ டின்னில் விளைந்த சேலை

பெட்ரோல் விலை ஏறிப்போச்சே என்று ஊரே தலையில் கை வைத்துக்கொண்டிருந்த 1974-ஆம் வருஷம், சிங்கப்பூர் தோ பாயோவின் அடுக்குமாடி வீடொன்றில், ஏழாவது மாடியில் ஒருவர் மட்டும் உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தார். பெயர் அற்புதராஜ். எண்ணெய்க் கிணறு ஏதும் வைத்திருந்தாரா என்று கேட்காதீர்கள். மனுஷனிடம் சைக்கிள்கூடக் கிடையாது. மனைவி உண்டு. அந்த பிலோமினம்மாள் சிராங்கூன் ரோட்டு இப்ராஹீம் கடையில் ஒரு ஜப்பான் நைலான் சேலையைப் பார்த்துவிட்டு வந்து, கிறிஸ்மஸுக்கு அதுதான் வேண்டும் என்று நின்றாள்.

"நைலானா? அது எதுல செய்றான் தெரியுமா பிலோமி? பெட்ரோல்ல! உலகமே பெட்ரோல் இல்லாம தவிக்குது, நீ அத உடம்புல சுத்திக்கிட்டுப் பூசைக்குப் போவியா?"

"எல்லாரும் கட்றாங்களேங்க."

"கட்டட்டும். கிழிஞ்சு தூக்கிப் போட்டாலும் மக்காது. பூமி கெட்டுப் போயிடும். உன் பேரன் காலத்துலயும் அப்படியே கெடக்கும்."

"அவ்வளவு உழைக்குமா! அப்ப ரெண்டா எடுத்துடலாங்க."

அற்புதராஜ் எழுந்து நின்று, சுவரிலிருந்த திரு இருதயப் படத்தைச் சாட்சியாக வைத்து முழங்கினார். "இனிமே இந்த வீட்ல இயற்கை குடுத்த நூல்தான்! பருத்தி போடறேன். நம்ம காரிடார்லயே விளையும். அந்த நூல்ல உனக்கு கிறிஸ்மஸ் சேலை. இது சத்தியம்!"

"சரிங்க" என்றாள் பிலோமினம்மாள்.

அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் உடனே 'சரிங்க' சொன்ன எதுவும் அவருக்கு நல்லதாக முடிந்ததில்லை. ஆனால் அவர் வேறு கணக்கில் இருந்தார். சிமெண்டுத் தரையில் பருத்தியாவது, விளைவதாவது! செடி செத்துப்போகும், கிறிஸ்மஸும் ஓடிப்போகும், சேலைப் பேச்சு அதோடு முடியும்.

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் மாடு வைத்திருந்த தங்கராஜுவிடம் போய், மாட்டுக்கு வைத்திருந்த பருத்திக்கொட்டையில் ஒரு பிடி வாங்கி வந்தார். காலி மைலோ டின்களில் மண்ணைப் போட்டுப் புதைத்தார். அதோடு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிலோமினம்மாள் பார்த்தாள். அரிசி கழுவின தண்ணீர், முட்டை ஓடு, மீன் கழுவின தண்ணீர் எல்லாம் டின்னுக்குப் போயின. செடி கிடுகிடுவென்று வளர்ந்து மஞ்சளாகப் பூத்தது.

பக்கத்து வீட்டு நூருன்னிசா வாயைப் பிளந்தாள். "அண்ணே, நீங்க வச்சதா இது? எங்க வூட்டு ஆளு பாண்டான் செடி வச்சாக்கூட வாடிப்போவுது லா! கைராசிண்ணே உங்களுக்கு!"

அற்புதராஜுக்குத் தலை கால் புரியவில்லை. சாகட்டும் என்று விட்ட செடி இப்போது 'என் தோட்டம்' ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கண்டவரையெல்லாம் நிறுத்திச் சொன்னார். "கிறிஸ்மஸுக்கு என் சம்சாரம் கட்டப் போறது என் தோட்டத்துச் சேலை!" ஃபாதரையும் விட்டுவைக்கவில்லை.

டிசம்பரில் காய் வெடித்தது. பறித்துக் குவித்தால் சேலைக்கு என்ன, அதன் முந்தானைக்கும் காணாது.

"பாத்தியா பிலோமி, இயற்கை இவ்வளவுதான் குடுத்துச்சு" என்றார், முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொண்டு. "அடுத்த வருஷம் பாப்போம்."

"பரவால்லங்க. இத வீணாக்க வேணாம், நான் ஒரு நல்ல எடத்துல சேத்துடுறேன்."

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. இப்படி ஒரு தங்கமான பெண்சாதி யாருக்குக் கிடைப்பாள்!

கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு. பெத்லகேம் குடிலின் கூரையில் வருஷா வருஷம் மருந்துக்கடைப் பஞ்சைப் பிய்த்துப் பனியாகப் போடுவது வழக்கம். பூசை முடிந்து அறிவிப்பு நேரத்தில் ஃபாதர் மைக்கைப் பிடித்தார்.

"இந்த வருஷப் பனி கடையில வாங்கினது இல்ல. நம்ம அற்புதராஜ் தன் மனைவியோட சேலைக்காக வளர்த்த பருத்தி. அத அப்படியே குழந்தை இயேசுவுக்குக் குடுத்துட்டார்!"

கைதட்டல். அற்புதராஜ் எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டார்.

"அது மட்டுமா? மனைவிக்குக் குறை வைக்கக் கூடாதுன்னு, அதுக்குப் பதிலா பட்டுச்சேலை எடுத்துக் குடுக்கப் போறாராம். புருஷன்னா இப்படி இருக்கணும்!"

கோயிலில் இருந்த பெண்களெல்லாம் அவரவர் கணவரைத் திரும்பி முறைத்தார்கள். அற்புதராஜ் கும்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பட்டுன்னு நான் எப்ப சொன்னேன்?" என்று மனைவி பக்கம் சாய்ந்து பல்லைக் கடித்தார்.

"சொல்லலைன்னா இப்பவே எழுந்து இல்லைன்னு சொல்லிடுங்க. மைக்கு இன்னும் போட்டுத்தான் இருக்கு."

"நம்ம ஊர்ல பட்டுப்பூச்சி ஏதுடி?"

"இயற்கை குடுத்த நூல்னுதானே சத்தியம் பண்ணீங்க? பூச்சி என்ன பெட்ரோலா குடிக்குது?"

மறுநாள் இப்ராஹீம் கடை. பட்டுச்சேலைகள் ஒவ்வொன்றாக விரிய விரிய, அற்புதராஜின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. கண்ணாடிக்குள் அந்த ஜப்பான் நைலான் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அதை எடுத்து வந்து மனைவி தோளில் போட்டார்.

"பிலோமி, இது உனக்கு எவ்வளவு எடுப்பா இருக்கு பாரேன்! என்ன பளபளப்பு! நீ ஆசப்பட்டதாச்சே!"

பிலோமினம்மாள் முந்தானையை மூக்கருகே கொண்டுபோய், மெல்ல முகர்ந்து பார்த்தாள்.

"நீங்க சொன்னது சரிதாங்க. பெட்ரோல் வாடைதான் அடிக்குது."