மற்றப் பக்கத்தாலை எடுங்கோ

நீர்வேலியில் வாழைக்கு அடுத்தபடியாகச் செழித்து வளரும் இனம் ஒன்று உண்டு: பாதைப் பிரியர். பலாலியில் விமானம் இறங்கினாலும், காங்கேசன்துறையில் கப்பல் வந்து கட்டினாலும், கண்டி வீதியில் ஒரு குழி மூடப்பட்டாலும், அதனால் வடக்கின் பொருளாதாரம் எத்தனை முழம் உயரும் என்று சொல்லாமல் இவர் தேத்தண்ணீரில் வாய் வைக்கமாட்டார். இவரைத் தெரியாதென்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற தம்பிராசா இந்த இனத்தின் அசல் வித்து. "பாதை வந்தால் சந்தை வரும், சந்தை வந்தால் காசு வரும். உது விளங்காமல்தான் எங்கடை சனம் பின்னுக்கு நிக்குது" என்பது அவருடைய காலைத் தேவாரம். வேறு வேலை? இருந்தது. வேலி அடைப்பது. எங்கள் ஊர் வேலிகளுக்குக் கால் உண்டென்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒவ்வொரு முறை வேலிக் கதியால் தடிகளை மாற்றி நடும்போதும் தம்பிராசாவின் வேலி, வீட்டோரம் போகும் குறுகிய ஒழுங்கைப் பக்கமாக ஒரு விரற்கடை நடந்தது. பிறகு கனடாவிலிருந்து மகன் காசு அனுப்பி, வேலி மதிலாகி, மதில் திரும்பும் முடக்கில் ஒரு சீமெந்துச் சிங்கமும் ஏறி உட்கார்ந்தபோது, அந்த விரற்கடைகள் எல்லாம் சேர்ந்து உள்ளே நிரந்தர வதிவிட உரிமை பெற்றுவிட்டன.

அந்த ஒழுங்கையின் கடைசியில்தான் அவர் மனைவி கமலாவதியின் வாழைத் தோட்டம். குலைகளைச் சைக்கிளில் கட்டி வீதிக்குக் கொண்டுபோவதற்குள் பாதி அடிபட்டுவிடும். அடிபட்ட குலைக்கு அடிமாட்டு விலை. கொழும்புக்குக் குலை ஏற்றும் சுஜீவன் வந்து பார்த்தான்.

"அக்கா, லொறி உள்ளுக்கை வந்தால் எல்லாக் குலையையும் தோட்டத்திலையே எடுப்பன். உந்த மதில் முடக்கிலைதான் லொறி திரும்பாது."

கமலாவதி புருஷனைப் பார்த்தாள். புருஷன் சிங்கத்தைப் பார்த்தார்.

ஒழுங்கையை அகலிக்கப் பிரதேச சபை ஆள் அனுப்பியது. கேட்டவர் யார்? சாட்சாத் தம்பிராசாவேதான். அளக்க வந்த தக்சாயினி நாடாவை இழுத்துவிட்டு மதிலைத் தொட்டாள்.

"ஐயா, இதுதான் ஒழுங்கைக்குள்ளை நிக்குது."

"ஓம் பிள்ளை, அபிவிருத்திக்கு நான் எதிரில்லை. மற்றப் பக்கத்தாலை எடுங்கோ."

மற்றப் பக்கத்தில் இருந்தது பிள்ளையார் கோயில்.

"பிள்ளையார் விட்டுக்குடுப்பார். அவருக்கென்ன, பிள்ளைகுட்டியே இருக்கு?"

தக்சாயினி நாடாவைச் சுருட்டினாள். அடுத்த ஒழுங்கைக்காரர் இரண்டு பக்கமும் வேலியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். சுஜீவனின் லொறி அங்கே போய் நின்றது; வீதியில் அடிபட்ட குலைக்குக் காத்து நிற்க ஆளில்லை. அந்தக் கிழமை கமலாவதியின் குலைகள் மரத்திலேயே பழுத்து வெடித்தன. அவளுக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. கனிந்து வெடித்த குலையொன்றை இழுத்து வந்து சிங்கத்தின் கழுத்தில் கட்டினாள்.

"உதுவே தின்னட்டும்" என்றாள்.

தம்பிராசா அந்தப் பக்கம் திரும்பாமல் தேத்தண்ணீர்க் கடைக்கு நடந்தார். அங்கே பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "எங்கடை சனத்துக்கு விட்டுக்குடுக்கிற மனம் இல்லை. அதுதான் முன்னேறேல்லை." கடையில் இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோருக்கும் வீட்டில் மதில் இருந்தது.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. சிரித்து முடிந்ததும் எழுந்துபோய் உங்கள் வாசல் படலையடியில் ஒருமுறை நின்று பாருங்கள். அளவுநாடா தேடி அலைய வேண்டாம். தக்சாயினி உங்கள் ஒழுங்கைக்கும் வருவாள்.