மழை பெய்தால் ஜெயிக்கும் பம்பு அண்ணன்

ஜொகூர் மாநிலத்திலேயே கொசு கடிக்காத ஒரே மனிதர் பம்பு அண்ணன்தான். யாரோ சொன்னதைக் கேட்டுச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்தவன் நான். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ரெங்கத்துக்குப் பக்கத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். சாயங்காலமானால் தங்கையா அண்ணனின் தேத்தண்ணீர்க் கடையில் கூடுவோம். எல்லாரும் காலைத் தட்டி, கையைத் தட்டி, கழுத்தைத் தட்டி ஒரு கூத்து நடத்திக்கொண்டிருப்போம். நடுவில் பம்பு அண்ணன் மட்டும் அரைக்கால் சட்டையோடு, காற்றில்லாத குளம் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஒரு கொசு வரும். முழங்கை வரைக்கும் வந்து, கொஞ்சம் யோசித்து, திரும்பிப் போய்விடும்.

"பாத்தியா தம்பி, சல்யூட் அடிச்சிட்டுப் போவுது," என்பார்.

அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டும் தெரியும். முதுகில் மருந்து பம்பைச் சுமந்து இருபது வருஷம் நடந்தவர். புல்லுக்கு ஒரு மருந்து, இளங்கன்றின் குருத்தைக் குடையும் வண்டுக்கு ஒரு மருந்து, இலைப்புழுவுக்கு இன்னொன்று. பம்பை இறக்கி வைத்த பிறகும் உடம்பு முன்னால் வளைந்தே இருக்கும், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பம்பு முதுகில் மிச்சம் இருப்பதுபோல.

தினமும் காலையில் முகக்கவசமும் கையுறையும் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். முகக்கவசம் நெற்றிக்கு ஏறிக் கிரீடமாகிவிடும்.

"மூக்கையும் வாயையும் மூடிட்டா பாட்டு எந்த வழியா வரும்? காது வழியாவா?"

கையுறையை அவர் கையில் மாட்டிப் பார்த்ததில்லை. சோற்றுப் பொட்டலம் ஆறாமல் இருக்க அதைத்தான் சுற்றி வைப்பார். பம்பின் மூக்கில் தூசி அடைத்தால் கழற்றி வாயில் வைத்து ஊதுவார். மருந்தடிக்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் செய்கிற தப்புதான் அது. இவர் மட்டும் புல்லாங்குழல் வித்வான் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு ஊதுவார். மதியம் மருந்தில் நனைந்த சட்டையைக் கழற்றி, சுருட்டி, தலைக்கு வைத்துக்கொண்டு செம்பனை நிழலில் படுத்துவிடுவார். மேலே ஓலைகள் ஒன்றையொன்று தடவிக்கொண்டிருக்கும். வெளிச்சம் காசு காசாக அவர் மார்பில் விழுந்து நகரும். எழுந்து வரும்போது பாதி ஆள்தான் வருவார். மீதிப் பாதி ஓலைக்கு நடுவில் எங்கேயோ தங்கிவிடும்.

பிறவியிலேயே கனவு காண்கிற ஆள் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். சாட்சிகளுக்கும் குறைவில்லை.

ஒரு தடவை குளுவாங்குக்கு மோட்டாரில் போனவர் பஸ்ஸில் திரும்பி வந்தார். வண்டி எங்கே என்று மனைவி செல்வியக்கா கேட்ட பிறகுதான் வண்டியில் போனதே நினைவு வந்தது. மறுநாள் இருவரும் பஸ் ஏறிப் போய்த் தேடினார்கள். வண்டி கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் அண்ணன் அதில் ஏறி நேராக வீட்டுக்கு வந்துவிட்டார், அக்காவைச் சந்தையிலேயே விட்டுவிட்டு. அக்கா மறுபடியும் பஸ் பிடித்து வந்து கடை வாசலில் நின்று அறிவித்தார்:

"இந்த மனுசனுக்கு ஒரு நேரத்துல ஒரு சாமான்தான் ஞாபகம் இருக்கும். நேத்து நான் இருந்தேன், வண்டி இல்ல. இன்னிக்கு வண்டி இருக்கு, நான் இல்ல!"

இன்னொரு தடவை ஒரே வரிசைக்கு இரண்டு முறை மருந்தடித்து, அடுத்த வரிசையை விட்டு, மறுபடியும் இரண்டு முறை அடித்து, தோட்டத்தையே அணில் முதுகாக்கி வைத்தார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கத்தினார். அண்ணன் தலையைச் சாய்த்து அந்தக் கோடுகளை ரசித்தார். "டிசைன் நல்லாத்தானே இருக்கு லா," என்றார்.

மறதியைப் பற்றிக் கேட்டால் கையில் பதில் வைத்திருப்பார். "நெனப்புங்கறது பூனை தம்பி. கூப்பிட்டா வராது. சும்மா உக்காந்திருந்தா மடியில வந்து படுக்கும்." அவர் இப்படிச் சொல்வதைக் கேட்கவே நான் கூடுதலாக ஒரு தே வாங்கிக் கொடுப்பேன்.

கடையில் டாம் ஆட்டம் நடக்கும். கட்டம் போட்ட பலகை. காய்களுக்குப் பதிலாகச் சோடா மூடிகள், ஒரு கட்சிக்கு நிமிர்ந்த மூடி, மறு கட்சிக்குக் கவிழ்ந்த மூடி. எதிர்ப்பக்கத்துக் கடைசி வரிசையைத் தொட்டுவிட்ட காய்க்கு 'ஹாஜி' என்று பட்டம். ஹாஜி எங்கே வேண்டுமானாலும் பாயலாம். வெயில் காலத்தில் பம்பு அண்ணனை ஜெயிப்பது தே குடிப்பதைவிடச் சுலபம். ஒருநாள் தன் காய் எது என்பதையே மறந்து, இரண்டு பக்கத்துக்கும் அவரே ஆடினார். தன் காய்களைத் தானே வெட்டி அடுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"யாரு ஜெயிச்சது?"

தங்கையா அண்ணன் சொன்னார்: "ஜெயிச்சதும் நீங்கதான், தோத்ததும் நீங்கதான். நான் அங்க தே கலக்கிக்கிட்டு இருந்தேன் லா!"

ஆனால் வருஷக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டால் கதையே வேறு. மழையில் மருந்தடிக்க மாட்டார்கள், அடித்தாலும் தண்ணீர் கழுவிக்கொண்டு போய்விடும். மருந்தாட்கள் எல்லாரையும் வாய்க்கால் வெட்ட, உதிரிப்பழம் பொறுக்க அனுப்பிவிடுவார்கள். தோட்டம் முழுக்கப் பால் தெளித்த மாதிரி பனிமூட்டம். தகரக் கூரையில் நாள் பூராவும் ஒரே தாளம். இரண்டு மூன்று வாரம் இப்படிப் போனதும் பம்பு அண்ணன் ஜெயிக்க ஆரம்பிப்பார். ஆறு நகர்த்தலுக்கு அப்புறம் வரப்போகிற வெட்டை இப்போதே சொல்வார். மழை விட்டு, மருந்தடிப்பு தொடங்கி ஒரு மாதம் ஆனால் மறுபடியும் தோற்பார். கடையில் ஆட வருகிறவர்கள் முதலில் வானத்தைப் பார்ப்பார்கள்.

"மேகம் கறுப்பா கெடக்கு. நான் இன்னிக்கு ஆடல."

"இவரு தவளை இனம் லா," என்பார் தங்கையா அண்ணன். "தண்ணி பட்டாத்தான் சத்தம் வரும்."

நாங்கள் சிரித்தோம். இத்தனை வருஷம் வானத்தைப் பார்த்த எங்களில் ஒருவன்கூட ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு காலை, மற்றவர்கள் வருவதற்கு முன்னால், அண்ணன் தனியாக ஸ்டோருக்கு வந்தார். தோம் என்று நாங்கள் சொல்லும் மருந்துப் பீப்பாய்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, "கதவைச் சாத்து தம்பி," என்றார்.

சாத்தினேன்.

"நேத்து ஸ்கூல்ல ஒரு ஃபாரம் குடுத்தாங்க. மவ பேரு எழுதணும். பேனாவ வச்சுக்கிட்டு நிக்கிறேன், பேரு வரல. பெத்த புள்ள பேரு லா. டீச்சர் பாத்துக்கிட்டே இருக்காங்க. கை நடுங்குதுன்னு பொய் சொல்லிட்டு வந்துட்டேன்." கொஞ்ச நேரம் தோம் மூடியைத் தடவினார். "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் வந்துச்சு. ஆனா அவருக்கு எழுவது வயசு. எனக்கு நாப்பத்தேழு."

பூனைக் கதை ஒன்றும் சொல்லவில்லை. அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சாத்திய அறையில் மருந்து வாடை கனமாக இறங்கியது. எனக்கே அந்த ஸ்டோரில் வாரக் கடைசி நெருங்கினால் தலை பஞ்சாகி, எழுத உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். லீவு முடிந்து வந்தால் தெளிந்திருக்கும். அது இந்த வாடையின் வேலை என்று அப்போதுதான் உறைத்தது.

"அண்ணே, மழையில மட்டும் எப்படி ஜெயிக்கிறீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தோம்களைப் பார்த்தார்.

செல்வியக்காவும் நானும் அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். ஒரு மலாய் டாக்டரம்மா, பொறுமையானவர். எல்லாம் கேட்டுவிட்டு, பம்பில் அடைப்பு எடுப்பது எப்படி என்றார். அண்ணன் பெருமையாக டாக்டரம்மாவின் பேனாவையே எடுத்து வாயில் வைத்து ஊதிக் காட்டினார். டாக்டரம்மா அந்தப் பேனாவை இரண்டு விரலால் வாங்கி, குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் பேசினார். மருந்தினால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாதாம். சர்க்கரை, தூக்கம், வயது என்று பல காரணம் இருக்கலாம், ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் தினம் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் வழியும் மூச்சு வழியும் போகிற மருந்து, கவனத்தையும் நினைவையும் மந்தமாக்கக்கூடும். கொஞ்ச மாதம் விலகி இருந்து பாருங்கள் பாக்சிக் என்று, பெரியவர்களை மலாயில் அழைக்கிற மரியாதையோடு சொன்னார். மேனேஜருக்கு ஒரு கடிதமும் எழுதித் தந்தார்.

வெளியே வந்ததும் அண்ணன் முரண்டு பிடித்தார்.

"இருபது வருசம் லா. மருந்தடிக்கலேன்னா நான் யாரு? பம்பே இல்லாத பம்பா?"

செல்வியக்கா நடையை நிறுத்தவில்லை. "மவ பேரு தெரியாத அப்பனா இருக்கறதுக்கு, பம்பில்லாத பம்பாவே இரு."

கடிதத்தை மேனேஜரிடம் கொடுத்தோம். அடுத்த வாரம் அவரைச் சாலையோர மேடையில் போட்டார்கள், பழுத்த குலையையும் காயையும் பிரிக்கிற வேலைக்கு.

முதல் மாதம் மாற்றம் ஒன்றும் இல்லை. பழுத்ததைக் காய் என்று ஒதுக்கி, காயைப் பழுத்தது என்று ஏற்றி அனுப்பினார். இரண்டாம் மாதம் செல்வியக்காவைச் சந்தைக்கு அழைத்துப்போய், அக்காவோடும் வண்டியோடும் திரும்பி வந்தார். கடையில் கைதட்டல். மூன்றாம் மாதம் சரியான வெயில், வானத்தில் ஒரு துணுக்கு மேகம் கிடையாது. அவரோடு ஆட ஆட்கள் வரிசை கட்டினார்கள். வரிசை முழுவதையும் தோற்கடித்து அனுப்பினார்.

"அலமாக்! மழையே இல்லியே, எப்படி லா?" தங்கையா அண்ணன் வாசலுக்கு ஓடி வானத்தைப் பார்த்தார்.

முழுக்கத் தெளிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில சொற்கள் நாக்கு நுனியில் வந்து நின்றுவிடும். அப்போது பேசாமல் காத்திருப்பார், நாங்களும் காத்திருப்போம். மகள் பெயர் மட்டும் நழுவவில்லை. அதைக் காரணமே இல்லாமல் நாளைக்குப் பத்துத் தடவை கூப்பிட்டுவிடுவார். அந்தப் பிள்ளை, "என்னப்பா வேணும்?" என்று எரிச்சலாக வரும். "ஒண்ணுமில்ல, போ," என்பார், பரம திருப்தியாக.

தினமும் காலையில் ஸ்டோர் வாசலில் வந்து நிற்கவும் ஆரம்பித்தார். மருந்தடிக்கிற பெண்கள் ஒவ்வொருவர் பம்பிலும் ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைக் கயிறு போட்டுக் கட்டினார்.

"இத வச்சுத் தேய். வாயில வச்சு ஊதுன, உன் மாமியா பேரே மறந்துரும்."

"அப்ப ஊதிக்கிறேண்ணே!" என்றாள் ஒருத்தி. கூட்டமே சிரித்தது. ஆனாலும் பிரஷ்ஷை வாங்கிக்கொண்டாள்.

எனக்கு ஜொகூர் பாருவில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் பம்பு அண்ணன் பலகையை எடுத்துப் போட்டார். வெயில் இறங்கி, செம்பனைத் தலைகளில் பொன் தடவியிருந்தது. மருந்தை விட்ட பிறகு அவரை நான் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அன்றும் என் காய்கள் குறைந்துகொண்டே வந்தன. திடீரென்று, தன் ஹாஜியைக் கொண்டுவந்து என் காய்க்கு முன்னால் வைத்தார். வெட்டினேன். அடுத்ததும் வெட்டு. அதற்கடுத்ததும். ஆட்டம் முடிந்துவிட்டது.

"அடடா, கவனிக்கலையே தம்பி," என்றார். கழுவி வைத்த கண்ணாடி மாதிரி இருந்தன அவர் கண்கள்.

அவ்வளவு தெளிந்த மனிதர் என்னிடம் தோற்றதை, இன்றுவரை நான் யாரிடமும் என் வெற்றி என்று சொல்லிக்கொண்டதில்லை.