எழுபத்திரண்டு கிலோ

"இந்த மெஷின் பொய் சொல்லுது, சிஸ்டர்" என்றார் டாக்டர் கோகுலகிருஷ்ணன், எடை மெஷின் மேல் நின்றபடியே. முள் எழுபத்து நான்கில் நின்றது.

"உங்க வெயிட்டு எவ்ளோங்க டாக்டர்?" என்று கேட்டாள் நர்ஸ் விமலாராணி.

"எழுபத்திரண்டு. இருபது வருஷமா எழுபத்திரண்டு. நான் ஏறி நின்னா பரீட்சை மெஷினுக்குத்தான்."

இதயம் பலவீனமானவர்களுக்கென்று விருத்தாசலத்தில் தனி கிளினிக் தொடங்கியவர் அவர். நல்ல காரியம்தான். அதை அவரே நாளுக்கு நான்கு முறை சொல்லிக்கொள்ளாமல் இருந்தால் இன்னும் நல்ல காரியம். நோயாளிகள் தினமும் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் கோத்திருக்கிறது, உடனே ஓடி வர வேண்டும். இந்த ஏற்பாட்டைப் பார்க்கத் திங்கட்கிழமை சென்னையிலிருந்து ஒரு குழு வருகிறது. திருப்தியானால் ஸ்ரீமுஷ்ணத்திலும் இதே போல் தொடங்குவார்கள். இல்லாவிட்டால் இங்கேயும் பூட்டுதான்.

தரை கோணல் என்று முடிவு செய்த டாக்டர், செராமிக் கம்பெனியிலிருந்து மேடு பள்ளம் இல்லாத பலகைக் கல் ஒன்றை வரவழைத்து அதன் மேல் மெஷினை வைத்தார். மறுநாள் எழுபத்து நாலரை காட்டியது. மெஷினைத் தூக்கிப் போட்டுவிட்டு டிஜிட்டல் வாங்கினார். அது கூசாமல் எழுபத்தைந்து என்றது.

"எனக்குச் சரியாத்தாங்க காட்டுது" என்றாள் விமலாராணி.

"அப்படின்னா நீங்க மூணு கிலோ இளைச்சிட்டீங்க. ஒழுங்கா சாப்பிடுங்க. இனிமே யாரு ஏறினாலும் மூணு கழிச்சு எழுதுங்க."

கழித்து எழுதினாள். சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த அமிர்தத்துக்கு நிஜமாகவே மூன்று கிலோ ஏறியிருந்தது. அதையும் கழித்தாயிற்று.

"மூச்சு வாங்குதுங்க டாக்டர்" என்றாள் அமிர்தம்.

"இந்த ஊரு தூசி அப்படிம்மா. மாடி ஏறினா எனக்கே வாங்குது. வெயிட்டு சரியாத்தான் இருக்கு, வூட்டுக்குப் போங்க."

போனவளைச் சாயங்காலம் ஆம்புலன்ஸில் தூக்கி வந்தார்கள். பிழைத்துக்கொண்டாள். நல்லவேளை, ஆம்புலன்ஸ்காரர் எதையும் கழித்துப் பார்க்கவில்லை.

"உப்பைக் குறைச்சிருக்க மாட்டாங்க" என்றார் டாக்டர். தப்பு எப்போதும் அடுத்தவர் வீட்டு அடுப்படியில்தான் இருக்கும்.

திங்கட்கிழமை குழு வந்தது. ஷூ காலில் ஏறவில்லை என்று கடைக்காரனைத் திட்டித் தீர்த்துவிட்டு, டாக்டர் செருப்போடு வந்திருந்தார். கம்மாபுரத்து சாமிக்கண்ணுதான் கிளினிக்கின் முதல் நோயாளி. டாக்டர் சொல்லிக்கொடுத்த அத்தனையையும் அட்சரம் பிசகாமல் செய்பவர். அவரை முன்வரிசையில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள்.

"இந்த மெஷினை மட்டும் மன்னிக்கணும்" என்று குழுவிடம் சொன்ன டாக்டர், அதில் ஏறிக் காட்டினார். எழுபத்தாறு.

"பாத்தீங்களா? கடைஞ்செடுத்த ஃபிராடு மெஷின்" என்று மூச்சு வாங்கியபடியே சிரித்தார். குழுவும் மரியாதைக்குச் சிரித்தது. சாமிக்கண்ணு சிரிக்கவில்லை. எழுந்து வந்து குனிந்து, டாக்டரின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார்.

"குழி அப்டியே நிக்குதுங்க, சிஸ்டரு. நீரு கோத்திருக்குது. மெஷினு சரியாத்தான் இருக்குது. டாக்டருக்குத்தான் பெட்டு போடணும்."