ஜோசையாவுக்கு நான் வக்கீல்

ஆகஸ்ட் மாத முதல் சனிக்கிழமை வரை நல்ல கணவனாக வாழ்வது என்று ஜூலைத் தொடக்கத்தில் முடிவு செய்தேன். அதற்கு மேல் வாக்குக் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

அந்தச் சனிக்கிழமைதான் டாஸ்மேனியாவில் ட்ரௌட் மீன்பிடிப் பருவம் திறக்கிறது. பக்கத்து வீட்டு ரோவீனாவுக்கு மலைமேல் ஏரிக்கரையில் ஒரு குடில் உண்டு. அவள் அப்பா கட்டியது. ஆண்டுதோறும் அவள் கணவன் பேசிலும் நானும் ஒரு வாரம் அங்கே போவோம். இடுப்பளவு குளிர்நீரில் நின்று, எங்களை மீன்களுக்குக் காட்டிவிட்டு வருவோம். ஆண்டின் மற்ற வாரங்களெல்லாம் அந்த ஒரு வாரத்துக்கு நான் செலுத்தும் வரி.

ஆகவே நல்லவனானேன். விறகு பிளந்தேன். பாத்திரம் கழுவினேன். மாமியாருக்கு நானே தொலைபேசியில் பேசினேன். அவர் பயந்துபோய், “நெவில், எந்த ஆஸ்பத்திரியில இருக்கே?” என்று கேட்டார்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது கிளெனிஸ் என்னைச் ‘செல்லம்’ என்றாள். என் மனைவி அந்தச் சொல்லைச் சொன்னால் நான் உடனே கதவு எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். எங்கள் வீட்டில் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

“செல்லம், இந்த மாசம் வாசிப்புக் குழு நம்ம வீட்ல.”

“வரட்டுமே. நான் கொட்டகைக்குப் போயிடறேன்.”

“சரித்திர நாவல். நூத்தம்பது வருஷத்துக்கு முந்தி, இதே ஆத்தங்கரையில நடக்குதாம். புதுசா கல்யாணமான பொண்ணு ஒருத்தி படற கஷ்டமாம்.”

“என்ன கஷ்டம்? பஞ்சமா, நோயா?”

“புருஷன்.”

புத்தகம் சமையலறை மேசைமேல் கிடந்தது. நான் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியன். சரித்திர நாவலைப் பார்த்தால் பேனாவைத் திறக்கும் வியாதி எனக்கு உண்டு. அந்தக் காலத்தில் இல்லாத விளக்கு, அந்தக் காலத்தில் இல்லாத பொத்தான், இப்படி ஏதாவது அகப்படும். பிழை பிடிக்கலாம் என்று கொட்டகைக்கு எடுத்துப்போனேன். மூன்றாம் அத்தியாயத்தில் அது என்னைப் பிடித்துவிட்டது.

ஜோசையா என்பவன் ‘வீடு தயார்’ என்று சொல்லி, புதுமனைவி ஆக்னஸைப் படகில் அழைத்து வருகிறான். வந்து பார்த்தால் மரப்பட்டைக் குடிசை. கதவு இல்லை. கதவிருக்க வேண்டிய இடத்தில் கோணிச்சாக்கு தொங்குகிறது. ‘மரம் காயட்டும், மாட்டிவிடுகிறேன்’ என்கிறான். மரம் காய்கிறது. ஜோசையா அதில் ஒரு படகு செய்கிறான். அப்புறம் ஆப்பிள் வைக்க ஒரு கொட்டகை. முதல் குளிர்காலத்தில் சாக்கைத் தள்ளிக்கொண்டு பாஸம் என்னும் மரவிலங்கு உள்ளே வந்து மாவைத் தின்கிறது. ஆக்னஸ் காய்ச்சலில் கிடக்கிறாள். ஜோசையா மீன் பிடிக்கப் போயிருக்கிறான்.

புத்தகத்தை மூடினேன். வியர்த்தது. ஜூலை டாஸ்மேனியாவில் நடுக்குளிர்காலம்; அப்போது வியர்ப்பது சாமானியமல்ல.

இப்போது அந்தச் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டை நானே கட்டினேன். இந்தப் பக்கத்தில் பலரும் அப்படித்தான். மணமான புதிதில் நிலத்தில் ஒரு கேரவனை நிறுத்தி அதில் குடியிருந்தோம். முதலில் கொட்டகை எழுந்தது, ஏனென்றால் கருவிகள் நனையக் கூடாது. பிறகு சுவர், கூரை, அடுப்பு. எல்லாம் வந்தன. குளியலறைக் கதவு மட்டும் வரவில்லை. இன்றும் அங்கே திரைதான்.

அதற்குக் காரணம் சோம்பல் அல்ல, அறிவியல். குளியலறைக் கதவை ஹியூவான் பைன் மரத்தில்தான் செய்ய வேண்டும். தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் நன்றாகக் காய வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது தச்சர் கணக்கு. எங்கள் மகள் பிறந்தபோது பலகைகளைக் கொட்டகையில் அடுக்கினேன். இப்போது அவளுக்கே ஒரு மகள் இருக்கிறாள். பலகை ஓர் அங்குலம். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழும் மரம் அது. அதை அவசரப்படுத்த நான் யார்?

கதவில்லாத குறையை ஒரு சட்டத்தால் சரிசெய்திருந்தோம். உள்ளே இருப்பவர் பாட வேண்டும். விருந்தாளிக்கும் அதே சட்டம்.

இனி நிலைமையைப் பாருங்கள். குடிலின் சொந்தக்காரி ரோவீனா இந்த நாவலைப் பற்றிப் பேச இதே வீட்டுக்கு வருகிறாள். சாக்கைப் பற்றிப் பேசுவார்கள். நடுவில் யாராவது எழுந்து திரைக்குப் பின்னால் போய்ப் பாடுவார்கள். பொதுமக்கள் கருத்து உருவாக அதைவிட வேறென்ன வேண்டும்? ஜோசையாவுக்குத் தண்டனை கிடைத்தால் எனக்கும் கிடைக்கும். ஏரி போய்விடும்.

கடைசியில் ஒரு தந்திரம் தோன்றியது.

“கிளெனிஸ், நான் வேணா அன்னிக்குக் கூட்டத்தை நடத்தட்டுமா? சரித்திரப் பின்னணி கொஞ்சம் சொல்லலாம்.”

“ஐயோ, உனக்கெதுக்குச் சிரமம்?”

“சிரமமே இல்ல. கதைச் சுருக்கமும் நானே சொல்லிடறேன்.”

“ரொம்ப நல்லதாப் போச்சு” என்றாள். ஒரு மனைவி இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தால் யோசிக்க வேண்டும். நான் ஜோசையாவின் வாதத்தை யோசித்துக்கொண்டிருந்தேன்.

குழு என்றால் மூன்று பேர்தான். கிளெனிஸ், ரோவீனா, நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஹெட்டி. ரோவீனா ஸ்கோன் என்னும் குட்டி ரொட்டி கொண்டுவந்தாள். ஹெட்டி சாஸேஜ் ரோல் கொண்டுவந்தார், கூடவே நீதிமன்ற முகத்தையும் கொண்டுவந்தார்.

நான் கதைச் சுருக்கம் சொன்னேன். ஆப்பிள் ஏற்றுமதியைப் பற்றி விரிவாகச் சொன்னேன். நில மானியத்தைப் பற்றி இன்னும் விரிவாகச் சொன்னேன். கதவு விஷயத்தை மட்டும் தொண்டையைச் செருமுவதுபோல் சொல்லிவிட்டுக் கடந்தேன்.

“சரி, கருத்துகளைச் சொல்லுங்க. நிலச் சட்டத்தைப் பத்தி யாருக்காவது...”

“அந்தக் கதவு” என்றாள் ரோவீனா.

“மூணு நிமிஷம்கூட ஆகலயே!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

“படகு செய்யத் தெரிஞ்சவனுக்குக் கதவு செய்யத் தெரியாதா? படகே படுக்கப்போட்ட கதவுதானே?”

“காலத்தை வெச்சுப் பாக்கணும், ரோவீனா. ஆணி கப்பல்ல வரணும். பலகை அறுக்க ஒருத்தன் குழிக்குள்ள நிக்கணும், ஒருத்தன் மேல நிக்கணும். ஜோசையா தனி ஆள்.”

“தனி ஆளா?” என்றாள் கிளெனிஸ். “பொண்டாட்டி எங்க போனா?”

“அவ காய்ச்சல்ல...”

“காய்ச்சல் ஏன் வந்துச்சு?”

நான் தேநீர் குடித்தேன். ஹெட்டி எழுந்து, “தொடருங்க, எனக்குக் காது கேக்கும்” என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனார். தேசிய கீதம் எழுந்தது. இரண்டாம் சரணத்திலிருந்து ஆரம்பித்தார். அதை மனப்பாடமாக அறிந்தவர் எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான்.

அந்த ஓசைக்கு மேல் குரலை உயர்த்தி வாதாட வேண்டியதாயிற்று. வாதாடுகிறவனுக்குக் குரல் உயர்ந்தால் அறிவு இறங்கிவிடும்.

“அவன்கிட்ட காஞ்ச பலகை இல்ல! கீல் இல்ல! கடை இல்ல! இருந்திருந்தா அன்னிக்கே மாட்டியிருப்பான்!”

“ஒருத்தன்கிட்ட காஞ்ச பலகை இருக்கு, கீல் இருக்கு, காருல பத்து நிமிஷத்துல கடை இருக்கு. அப்படியும் மாட்டலன்னா?” என்று கிளெனிஸ் மெதுவாகக் கேட்டாள்.

“அவனெல்லாம் ஒரு புருஷனா!” என்று முழங்கினேன்.

தேசிய கீதம் நின்றது.

“கடைசி வாக்கியம் சரியாக் கேக்கல. இன்னொரு தடவை சொல்லுங்க” என்றது திரை.

எனக்குப் பதிலாக ரோவீனா சொன்னாள், அழுத்தம் திருத்தமாக.

எங்கள் ஊர் வாசிப்புக் குழுவில் கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: அவள் இடத்தில் நீ இருந்தால்? அதைக் கேட்டு எப்படியாவது கூட்டத்தை முடித்துவிட நினைத்தேன்.

“அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன்” என்றாள் ரோவீனா.

ஹெட்டி திரும்பி வந்து உட்கார்ந்தார். “படகை எரிச்சிருப்பேன்.”

சொல்லிவிட்டு நடையில் சுவரோடு சாய்ந்திருந்த என் தூண்டில்களைப் பார்த்தார். பிறகு விறகடுப்பைப் பார்த்தார். தூரம் அதிகமில்லை.

“எரிக்கறதா!” என்று பதறினேன். “படகு என்ன பாவம் செஞ்சுது? ஆக்னஸ் அந்தப் படகை எடுத்துக்கிட்டுப் போயிருக்கணும். ஒரு வாரம் நிம்மதியா இருந்துட்டு வந்திருக்கணும். அவன் வீட்ல உக்காந்து கதவைச் செஞ்சிருக்கணும். அதுதான் நியாயம்!”

மூவரும் கைதட்டினார்கள். கூட்டத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. ரோவீனாவின் முகம் மலர்ந்திருந்தது. பிழைத்துவிட்டோம், ஜோசையா போனாலும் ஏரி தங்கிவிட்டது என்று எண்ணினேன். கிளெனிஸ் என் தட்டில் ஒரு ஸ்கோன் வைத்து, அதன்மேல் பாலாடையும் நிறைய வைத்தாள். தூக்கு மேடைக்குப் போகிறவனுக்கும் கேட்டதெல்லாம் கொடுப்பார்கள் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

“ரோவீனா, உன் குடில்ல எத்தனை கட்டில்?” என்று கேட்டாள் கிளெனிஸ்.

“மூணு.”

“அப்போ சரியாப் போச்சு. ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை நாம கிளம்பறோம். நெவில் வீட்ல இருந்து கதவு மாட்டறான். அவனே சொன்ன தீர்ப்பு.”

“பதிவாயிடுச்சு” என்றார் ஹெட்டி.

“கிளெனிஸ், நான் ஆக்னஸுக்குச் சொன்னேன்! பேசில் என்ன நினைப்பான்? அவன் வருஷம் பூரா இதுக்காகக் காத்திருக்கான்!”

“பேசில் கதவோட இன்னொரு முனையைப் பிடிப்பாரு” என்றாள் ரோவீனா. “நேத்தே சொல்லிட்டேன்.”

“நேத்தேவா?”

ஸ்கோன் நன்றாக இருந்தது என்று ஹெட்டி சொன்னார்.

சனிக்கிழமை காலை. மலையுச்சியில் புதுப்பனி. என் தூண்டில்கள் ரோவீனாவின் காரில் ஏறின. இடுப்புக்கு மேல் வரும் என் ரப்பர் கால்சட்டையை ஹெட்டி போட்டுக்கொண்டிருந்தார். பேசில் கையில் கீல்களோடு, துக்க வீட்டுக்கு வந்தவன்போல் நின்றான். எனக்கு ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. மேல்முறையீடு. கார்க் கண்ணாடியைத் தட்டினேன்.

“கிளெனிஸ், ஒரு நிமிஷம். கடைசி அத்தியாயத்தை நெனச்சுப் பாரு. ஜோசையா கதவை மாட்டறான். மாட்டின அன்னிக்கே ஆக்னஸ் அவனை மன்னிக்கறா. அவளே அவனைப் படகுல ஏத்தி மீன் பிடிக்க அனுப்பறா. அதே மாதிரி, நான் மத்தியானத்துக்குள்ள மாட்டிட்டா சாயந்தரம் நானும் ஏரிக்கு வரலாம், இல்லையா?”

கிளெனிஸ் ரோவீனாவைப் பார்த்தாள். ரோவீனா ஹெட்டியைப் பார்த்தாள். மூவர் முகத்திலும் உண்மையான வருத்தம்.

“முடிவைச் சொல்லிக் கெடுத்துட்டியே, நெவில்!” என்றாள் கிளெனிஸ். “நாங்க யாரும் இன்னும் புத்தகத்தைத் திறக்கவே இல்ல. ஏரிக்கரையில உக்காந்து அதைப் படிக்க ஆரம்பிக்கலாம்னு இருந்தோம்.”