கம்ப்யூட்டர் சரியாகிவிட்ட விஷயமாக மாப்பிள்ளைக்கு

அன்பும் மரியாதையும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் கம்ப்யூட்டரும் சௌக்கியம். அங்கு நீங்களும் என் மகள் குட்டியும் அவ்விதமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அலுவலக முகவரிக்குத் தபாலில் கடிதம் வந்திருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மின்னஞ்சலில் எழுதினால் குட்டி படித்துவிடுவாள். அந்தக் கணக்கை எனக்குத் திறந்து கொடுத்ததும் அவள்தான், கடவுச்சொல்லை ஞாபகம் வைத்திருப்பதும் அவள்தான். இது மாமனாரும் மாப்பிள்ளையும் மட்டும் பேசிக்கொள்ள வேண்டிய சங்கதி.

நீங்கள் கேட்டுக்கொண்டபடி கம்ப்யூட்டரைச் சரி பண்ணிவிட்டேன். நீங்கள் என்னிடம் நேராகக் கேட்கவில்லை என்பது உண்மைதான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் குட்டியிடம் பேசிக்கொண்டிருந்தபோது வழக்கம்போலப் படம் நின்றுவிட்டது. காதோர முடியை ஒதுக்கியபடி அவள் அப்படியே உறைந்துவிட்டாள், ஆனால் குரல் மட்டும் நிற்கவில்லை. பின்னாலிருந்து நீங்கள், "இன்னைக்கும் அதே கூத்தா? நல்ல ஆளா பாத்து ஒரேயடியா சரி பண்ணிக்கச் சொல்லு. ஞாயித்துக்கிழமை பூரா இதுக்கே போயிடுது" என்றது தெளிவாகக் கேட்டது. நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை மாப்பிள்ளை. வாரம் முழுக்கக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிற மனிதருக்கு ஒரு நாள்தான் ஓய்வு, அந்த ஒரு நாளிலும் மாமனாருடைய கம்ப்யூட்டர் வந்து நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது.

வியாதி என்னவென்று உங்களுக்கும் தெரிய வேண்டும் அல்லவா. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரு வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். பிறகு "பக்கம் பதிலளிக்கவில்லை" என்று ஒரு கட்டம் வரும், அதற்குக் கீழே "காத்திருக்கவும்", "வெளியேறவும்" என்று இரண்டு பொத்தான். வெளியேறு என்று ஒருவரை முகத்துக்கு நேரே சொல்லி எனக்குப் பழக்கமில்லாததால் எப்போதும் காத்திருக்கவும் என்பதையே அமுக்குவேன். குட்டிதான் அங்கிருந்தபடியே வைத்தியம் சொல்லுவாள். ஒரு நாள், "அப்பா, ஹிஸ்டரியை அழிச்சிடுங்க" என்றாள். திரையும் தன் பங்குக்கு, வரலாற்றை அழிக்கவா என்று கேட்டது. தலை நரைக்கும்வரை வரலாறு சொல்லிக்கொடுத்த வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது. முடியாது என்றேன். "அது நீங்க பாத்த பக்கங்களோட வரலாறுப்பா, ராஜாக்களோடது இல்ல" என்றாள். "யாரோடதா இருந்தா என்ன, அழிக்கிறது தப்பு" என்றேன். வயிறு வலிக்கச் சிரித்தாள். அதோடு விடாமல் ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். பண்ணினால் அது எழுந்து முகம் கழுவி வர வெகு நேரம் ஆகும். அதுவரை போனைக் காதில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் என்ன செய்வது, பேசத்தான் வேண்டும். அவளுடைய மேலதிகாரி அம்மாள் கதவை அறைந்து சாத்துவது, முட்டி வலிக்குப் புதிதாக வாங்கிய தைலம், கூட வேலை செய்கிறவளோடு பேச்சு நின்றுபோனது, நீங்கள் குறட்டை விடுவது எல்லாம் எனக்குத் தெரிய வந்தது அப்படித்தான்.

ரிப்பேர்க்காரன் வந்தான். என்னிடம் படித்தவன். "சார், உங்க பாடத்துலதான் நான் பெயிலானேன்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தான். திரையின் மேல் விளிம்பில் சின்னச் சின்னதாக நெருங்கி நிற்கும் கட்டங்களைக் காட்டி, "என்ன சார் இது, டேபை எல்லாம் மூடவே மாட்டீங்களா?" என்றான். தமிழில் அதற்குத் தாவல் என்றுதான் பெயர், எதுவும் தாவாது, நகரக்கூட நகராது. அவன் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, "எல்லாமே ஒரே ஊரு வானிலையா இருக்கே சார்" என்றான். நான் சொன்னேன், அது என் மகள் இருக்கும் ஊர், தினமும் காலையில் அங்கே மழையா வெயிலா என்று பார்ப்பேன், பார்த்ததை மூடினால் அந்த நாள் போய்விடுமே என்று அப்படியே விட்டுவைத்து மறுநாள் புதிதாக ஒன்று திறப்பேன், ஒருவகையில் அது ஓர் ஆவணம். அவன் என்னைப் பாவமாகப் பார்த்தான். "சார், ஒவ்வொரு தடவை ரீஸ்டார்ட் பண்ணும்போதும் இதெல்லாம் புதுசாத்தான் வரும். எல்லாம் இன்னைக்கு வானிலையைத்தான் காட்டுது" என்றான். பார்த்தேன், அத்தனை கட்டத்திலும் ஒரே மேகம், ஒரே தூறல். "அழிச்சிடட்டுமா சார்?" என்று அவன் கேட்டபோது குரலில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. வரலாற்றைப் பழிவாங்க இப்படி ஒரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும். சரி என்றேன். துடைத்து எடுத்துவிட்டான். இப்போது கம்ப்யூட்டர் கேட்பதற்கு முன்பே பதில் சொல்கிறது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தொட்டால் ஒட்டிக்கொள்ளும்போல அவ்வளவு துல்லியமாகக் குட்டி வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருப்பதுகூடத் தெரிந்தது. "அட, சூப்பரா வருதேப்பா" என்றாள். "சாப்டாச்சா?" ஆச்சு என்றேன். "மாத்திரை?" போட்டாச்சு என்றேன். "அப்புறம்?" என்றாள். அப்புறம் என்ன நடந்தது, அப்புறம் யார் பட்டத்துக்கு வந்தான் என்று காலமெல்லாம் மூச்சு விடாமல் சொன்னவன் நான். அன்றைக்கு எனக்கு ஓர் அப்புறமும் கிடைக்கவில்லை. "அப்புறம் ஒண்ணும் இல்லம்மா, நீ சொல்லு" என்றேன். "இங்கயும் ஒண்ணும் இல்லப்பா. சரி, வச்சிடட்டுமா?" என்றாள். வை என்றேன். நான் அவளுக்காகக் கலந்து வைத்திருந்த காபி, அதாவது அவளோடு பேசிக்கொண்டே குடிக்கலாம் என்று எனக்காகக் கலந்து வைத்திருந்த காபி, ஆறக்கூட இல்லை. திரை கறுத்ததும் அதில் ஒரு கிழவரின் முகம் தெரிந்தது. அதுவும் வெகு துல்லியம். உங்கள் அத்தை போன பிறகு இந்த வீடு அமைதியாகத்தான் இருக்கிறது, ஆனால் அன்று மத்தியானம் போல அது என்னை உறுத்தியதில்லை.

ஆனாலும் நினைத்துப் பார்த்தால் எல்லாம் நன்மைக்கே. உங்கள் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது என்பதில் எனக்கு நிம்மதி, சொல்ல முடியாத சந்தோஷம். இரண்டு பேரும் எங்காவது வெளியே போய் வாருங்கள். குட்டியைத் தைலத்தை நிறுத்தாமல் தேய்க்கச் சொல்லுங்கள். நீங்களும் ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள், குறட்டை குறையுமாம். இருவரும் நோய்நொடி இல்லாமல் மனம்போல வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமனார்.

பி.கு.: மேலே நிம்மதி, சந்தோஷம் என்று வருகிற வரியை அடித்துவிட்டுப் படிக்கவும். வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் கம்ப்யூட்டர் மறுபடியும் மக்கர் பண்ணப் போகிறது. அதைக் கெடுக்க எனக்குத் தெரியவில்லை, ஆகையால் நானே நின்றுவிடுவதாக இருக்கிறேன். வாயைக் கொஞ்சம் திறந்து, டம்ளரைப் பாதி தூக்கி, இமைக்காமல் உட்கார்ந்தால் படம் உறைந்த மாதிரியே இருக்கிறது. கேமரா முன்னால் பழகிப் பார்த்துவிட்டேன், மூக்கு அரித்தால்தான் சிரமம். அவள் "அப்பா, கேக்குதா? அப்பா? அப்பா?" என்று கூப்பிடுவாள், கொஞ்ச நேரம் கூப்பிடட்டும். குட்டி நம்பிவிடுவாள். இந்தத் தொழிலிலேயே இருக்கிற நீங்கள் எட்டிப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்பதால்தான் உங்களுக்கு இந்தக் கடிதம். தயவுசெய்து காட்டிக் கொடுக்காதீர்கள். அவள் உங்களிடம் வந்து கேட்டால், "மாமாவோடது ரொம்பப் பழசு, இனிமே அதுக்குக் கொஞ்சம் டைம் குடுக்கத்தான் வேணும்" என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.