கோமளாவுக்கு நான் வரவழைத்த காய்ச்சல்

நேற்று எனக்கு ஒரே ஒரு வேலை. தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் வாய்தா கேட்பது. அவ்வளவுதான்.

வாய்தா எனக்கில்லை, எதிர்வீட்டுக் கோமளாவுக்கு. பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவள். கூட்டமில்லாத ஒரு மதியம் ஸ்டூலில் உட்கார்ந்தாள் என்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கடையில் உட்காரச் சட்டமே இடம் கொடுக்கிறது. மனுப் போட்டாள். நேற்று விசாரணை.

நேற்றுப் பார்த்துத்தான் அவள் வீட்டுத் தறிக்கான பாவு நூல் தெருவை அடைத்து நீண்டு கிடந்தது.

"கஞ்சி போட்டாச்சும்மா. இப்ப உட்டுட்டு வந்தா இழையெல்லாம் ஒட்டிக்கினு பூடும். யாரும் போவலன்னா மனுவத் தள்ளிடுவாங்களாம். நீங்க போயி உள்ளதச் சொல்லி வேற தேதி வாங்கிக்கினு வாங்கம்மா."

உள்ளதைச் சொல்வதா! இலக்கியம் படித்தவள் நான். பாவு நீட்டியிருக்கிறோம் என்றால் சர்க்கார் மனம் இளகுமா? ஷேர் ஆட்டோ அலுவலக வாசலைத் தொடுவதற்குள் கோமளாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

அதிகாரி ஒரு பெண். "மனுதாரர் எங்கம்மா?"

"அனலாக் கொதிக்கிறா. நெத்தியில ஈரத்துணி போட்டா அடுத்த நிமிஷம் காஞ்சிடுது. நேத்துலேருந்து கண்ணே திறக்கல."

சொல்லும்போதே இரண்டு சொட்டு விழுந்தது. வேறு எது இல்லாவிட்டாலும் என்னிடம் கண்ணீர் எப்போதும் கைவசம் இருக்கும்.

"அடப் பாவமே" என்று அதிகாரி பேனாவைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கடை மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார்.

"சாரி மேடம், லேட்டாயிடுச்சி. தெருவ அடைச்சிப் பாவு நீட்டிக்கினு இருக்காங்க. கார் போவல. கொஞ்சம் ஒதுக்கும்மான்னா, 'கஞ்சி காயுது, எறங்கி நடய்யா'ன்னு கத்தறா. யாருன்னு பாத்தா, இந்தக் கோமளாதான் மேடம்!"

அதிகாரி என்னைப் பார்த்தார். "கண்ணே திறக்கலன்னீங்க?"

"இப்ப... கொஞ்சம் திறந்திருப்பா."

பேனாவை மூடிவிட்டார். "பொய் சொன்னா வாய்தா கிடையாது. மனுவத் தள்ள வேண்டியதுதான்."

போச்சு! கோமளாவின் வேலையை என் கற்பனையே காவு வாங்கிவிட்டது. முழங்கால் ஏற்கெனவே என் பேச்சைக் கேட்காது. சுவரோரம் ஒரு ஸ்டூல் கிடந்தது. தொப்பென்று உட்கார்ந்தேன்.

"யம்மா, எழுந்திரு! கஸ்டமர் வர்ற நேரத்துல என்னா உக்காந்துக்கினு?"

மேனேஜர்தான்! நான் அலறியடித்து எழுந்தே விட்டேன்.

அதிகாரி ஸ்டூலைப் பார்த்தார், பிறகு மேனேஜரைப் பார்த்தார்.

மெல்லக் கேட்டார். "சார், கடையிலயும் இப்படித்தான் சொல்வீங்களா?"

"அய்யோ, வாய்ப்பழக்கம் மேடம்!"

"பழக்கம்." அதிகாரி மறுபடி பேனாவைத் திறந்தார். "அப்படியே எழுதிக்கிறேன்."

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "மேடம்... முதலாளியக் கேக்கணும். எங்களுக்கு ஒரு வாய்தா..."

"காரணம்?"

"தலை சுத்துது மேடம்."

"இது நிஜம்னு தெரியுது. அடுத்த தேதிக்கு முதலாளியையே கூட்டிக்கினு வாங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "பாவுன்னே சொல்லியிருக்கலாமேம்மா. எங்க வீட்லயும் தறிதான். உக்காருங்க, விழுந்துடப் போறீங்க."

தெருவுக்குத் திரும்பினேன். கோமளா பாவுக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள். "வாய்தா குடுத்தாங்களாம்மா? இன்னாம்மா சொன்னீங்க?"

இத்தனை வருஷம் படித்த இலக்கியம் காரியத்தைக் கெடுத்தது, காப்பாற்றியது முழங்கால் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?