கட்சி சாராத நிறம்

"நீலத்த எடு தம்பி. மொதல்ல அத எடு!"

மலேசியாவின் கிள்ளானில் ஒரு கோயில் அலுவலகம். தலைவர் நாற்காலியில் இருந்த தம்புசாமி, யுகேந்திரனின் கைப்பேசியைத் தேளைப் பிடிப்பது போலத் தள்ளிப் பிடித்திருந்தார். கோயிலுக்காக அவன் செய்த ஆப் அதில் ஓடிக்கொண்டிருந்தது. திரையின் அடியில் அர்ச்சனை, அன்னதானம், நன்கொடை என்று பட்டன்கள் வரிசையாக நிற்கும் நீலப் பட்டைதான் பிரச்சினை.

"ஏன் அங்கிள், நல்லாத்தானே இருக்கு?"

"எந்தக் கட்சிக் கலர்னு தெரியலையா? பொதுத் தேர்தல் வரப்போற நேரத்துல, கோயிலு அந்தப் பக்கம் சாஞ்சிருச்சும்பாங்க லா!"

யுகேந்திரன் சளைக்கவில்லை. நாளை தீமிதி. இன்று ஐந்து மணிக்குள் தலைவர் கையெழுத்து கிடைத்தால்தான் ஆப் வெளிவரும். ஏற்கெனவே இரண்டு வாடிக்கையாளர்கள் கழன்றுகொண்டார்கள். இதுவும் போனால் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் தன் சின்ன அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, மச்சான் கடையில் கைப்பேசிக்குக் கண்ணாடி ஒட்ட வேண்டியதுதான். மச்சானிடம் கைகட்டி நிற்க அவன் தயாராக இல்லை.

மடிக்கணினியைத் திறந்து பட்டையைப் பச்சையாக்கினான்.

"இது இன்னொரு கட்சி."

சிவப்பாக்கினான்.

"அதுக்கும் ஆள் இருக்கு."

ஊதா. "இதுக்கு யாருமே இல்ல அங்கிள்!"

"நாளைக்கே எவனாவது புதுக் கட்சி ஆரம்பிச்சா?"

பல்லைக் கடித்துக்கொண்டு எல்லா நிறங்களையும் கோடு கோடாகப் போட்டான்.

"கூட்டணியா!" தம்புசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

நிறமே வேண்டாம் என்று வெள்ளையாக்கினான். பட்டன்களும் வெள்ளை என்பதால் மொத்தமாக மறைந்துபோயின.

"அடப்பாவி, நன்கொடை எங்க?"

அவசரத்தில் பட்டையைக் கறுப்பாக்கினான்.

"ஜனங்கள தீமிதிக்குக் கூப்பிடுறியா, கருமாதிக்கா?"

மணி நாலே முக்கால். யுகேந்திரன் ஆத்திரத்தை விழுங்கிவிட்டு யோசித்தான். தம்புசாமியின் நெற்றியில் மூன்று பட்டை பளிச்சென்று தெரிந்தது. ஒரு சாம்பல் நிறத்தைத் தேடிப் போட்டு நீட்டினான்.

"இது என்ன கலரு?"

"விபூதி, அங்கிள்."

தம்புசாமி கைப்பேசியை முதன்முறையாகக் கண்ணருகே கொண்டுபோனார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"சபாஷ்! இத எந்தக் கட்சிக்காரன் கொடியில போடுவான்? மொதல்லயே இதப் போட்டிருக்கலாம்ல? கொண்டா பாரத்த!"

தலைவர் என்று அச்சிட்ட இடத்தில் வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டார். யுகேந்திரனுக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. பாரத்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடி, முன்வாசல் முகப்பில் இருந்த கிளார்க் மலர்விழியிடம் நீட்டினான்.

"தலைவர் கையெழுத்து வாங்கிட்டேன் மா. அனுப்பிடலாமா?"

மலர்விழி பாரத்தைப் பார்த்தாள். பிறகு அறைக் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"போன ஞாயித்துக்கெழம நடந்த கமிட்டித் தேர்தல்லயே அவரு தோத்துட்டாரு அண்ணே, எந்திரிங்கன்னு சொல்லத்தான் இன்னும் யாருக்கும் வாய் வரல."